தெரசா மேயும் மூன்று வாக்கெடுப்புகளும்: பிரிட்டனில் ஆளுங்கட்சித் தலைமைக்குச் சவால் எழுவது எப்படி?

2018 டிசம்பர் 12 அன்று பிரிட்டன் பிரதமர் தெரசா மே, தம் சொந்தக் கட்சியின் எம்.பி.க்கள் நடத்திய நம்பிக்கை வாக்கெடுப்பில் 200-க்கு 117 என்ற கணக்கில் வென்றார். 2019 ஜனவரி 15 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்காக அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை 432-க்கு 202 என்ற கணக்கில் நிராகரித்தது. அந்நாட்டின் நவீன வரலாற்றில் ஓர் அரசு அவையில் கண்ட மிகப் பெரிய தோல்வி அது. மறுநாளே, அதே அவை, அவருடைய அரசின் மீது எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 325-க்கு 306 என்று தோற்கடித்து அவரைப் பதவியில் இருத்திக்கொண்டது. ஐந்து வாரங்களில் நடந்த இந்த மூன்று வாக்கெடுப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றலாம். ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்று பிரித்துப் பார்த்தால், பிரெக்சிட் எனப்படும் இந்த விலகலின் காலத்தில் ஆளுங்கட்சிக்குள் நடந்த தலைமைச் சண்டையின் இலக்கணம் பிடிபட்டுவிடும்.

பிரிட்டனில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. காமன்ஸ் சபையின் 650 உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவரையே மன்னரோ அரசியோ ஆட்சி அமைக்க அழைக்கிறார். நடைமுறையில் அவர் பெரும்பாலும் மிகப் பெரிய கட்சியின் தலைவராகவே இருப்பார். ஆகவே பிரதமரின் பதவி இரண்டு ஆதரவுகளின் மேல் நிற்கிறது: ஒன்று அவையின் ஆதரவு, மற்றொன்று கட்சியின் ஆதரவு. அவையின் ஆதரவை இழந்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டமும் மரபும் சொல்கின்றன. கட்சியின் ஆதரவை இழந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கட்சி தனக்கென வகுத்துக்கொண்ட உள்விதிகள்தாம் சொல்கின்றன. ஒரு கட்சியின் உள்விதிகள் நாட்டின் பிரதமரையே மாற்றிவிடக்கூடியவை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விந்தையாகப் படலாம். பிரிட்டன் மக்களில் பலருக்கும் அது விந்தைதான்.

இந்தச் சண்டையின் வேர் 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் இருக்கிறது. ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று கேட்கப்பட்டதற்கு 1 கோடியே 74 லட்சம் பேர் விலக வேண்டும் என்றும், 1 கோடியே 61 லட்சம் பேர் நீடிக்க வேண்டும் என்றும் வாக்களித்தார்கள், விழுக்காட்டில் 51.9-க்கு 48.1. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகலின் பக்கம் நின்றன. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் நீடிப்பின் பக்கம் நின்றன. நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த பிரதமர் டேவிட் கேமரன் மறுநாள் காலையிலேயே பதவி விலகப்போவதாக அறிவித்தார். அவருக்குப் பின் ஜூலை 13 அன்று பிரதமரான தெரசா மேயும் வாக்கெடுப்பில் நீடிப்பை ஆதரித்தவரே. விலகலை நிறைவேற்றும் பொறுப்பு அதில் நம்பிக்கை வைத்திராத ஒருவரின் கைக்கு வந்தது என்ற குறையைக் கட்சியின் ஒரு பிரிவினர் கடைசிவரை மறக்கவில்லை.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்விக்கு இரண்டே விடைகள் இருந்தன. எவ்விதமான விலகல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே விடை வந்திருக்காது என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. சரக்கும் சேவையும் தடையின்றி நகரும் ஒற்றைச் சந்தையிலும், உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்திலும் தொடர்ந்துகொண்டு அரசியல் அமைப்பிலிருந்து மட்டும் விலகுவதும் ஒருவகை விலகல்தான். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வெளியேறி உலக வர்த்தக நிறுவனத்தின் பொது விதிகளின்படி வணிகம் செய்வதும் இன்னொருவகை விலகல்தான். முதலாவதை ஏற்பவர் இரண்டாவதைப் பேரழிவு என்றார். இரண்டாவதை விரும்பியவர் முதலாவதைத் துரோகம் என்றார். இவர்களுக்கு அப்பால், இறுதி ஒப்பந்தத்தை மீண்டும் மக்கள் முன் வைத்து இன்னொரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று கோரி லண்டன் தெருக்களில் பெரும் பேரணிகள் நடத்தியவர்களும் இருந்தார்கள். விலகலையே கைவிடக் கோரி 2019 பிப்ரவரியில் நாடாளுமன்ற இணையதளத்தில் தொடங்கிய மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆக, விவாதம் இரு தரப்புக்கு இடையில் நடப்பதாகத் தலைப்புச் செய்திகள் காட்டினாலும், உள்ளபடியே அது நான்கைந்து தரப்புகளின் விவாதம். எந்தத் தரப்புக்கும் அவையில் பெரும்பான்மை கிடையாது.

இருந்த பெரும்பான்மையும் 2017-இல் கைநழுவியது. பேச்சுவார்த்தைக்கு வலுச் சேர்க்க விரும்பி மே முன்கூட்டியே நடத்திய ஜூன் 8 பொதுத்தேர்தலில் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி 317 இடங்களோடு நின்றுவிட்டது. பிரிட்டனோடு இணைந்திருப்பதை வலியுறுத்தும், வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியினுடைய 10 எம்.பி.க்களின் வெளியாதரவோடுதான் ஆட்சி தொடர்ந்தது. இந்தப் பத்துப் பேர் கதையில் திரும்பத் திரும்ப வருவார்கள்.

ஒப்பந்தத்தில் முள்ளாகக் குத்திய பகுதியும் அவர்களுடைய ஊரைப் பற்றியதே. ஐக்கிய இராச்சியத்தின் அங்கமான வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் நில எல்லை இருக்கிறது. முப்பது ஆண்டு வன்முறையில் சுமார் 3,500 உயிர்கள் பலியான பிறகு, 1998-இன் பெரிய வெள்ளி ஒப்பந்தம் அங்கே அமைதியைக் கொண்டுவந்தது. அதன் பின் அந்த எல்லையில் சோதனைச் சாவடிகள் இல்லாமல் போயின. பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் அதுவே ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். வெளி எல்லை என்றால் சரக்குச் சோதனை வேண்டும். சோதனைச் சாவடிகள் திரும்பி வராதபடி தடுக்க, வேறு ஏற்பாடு கிடைக்கும் வரையில் ஐக்கிய இராச்சியம் முழுவதும் ஒன்றியத்துடன் ஒரே சுங்க வரம்புக்குள் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு காப்பு ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஒரு தரப்பு மட்டும் முடிவெடுத்து அதிலிருந்து வெளியேற முடியாது என்பதுதான் சிக்கல். காலவரையின்றி மாட்டிக்கொள்வோம் என்று விலகல் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். தங்கள் பகுதிக்கு மட்டும் சில தனி விதிகள் வருவதை வட அயர்லாந்தின் பத்துப் பேரும் ஏற்க மறுத்தார்கள்.

2018 ஜூலையில், பிரதமரின் கிராமப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் மே தம் திட்டத்தை அமைச்சரவைக்கு முன் வைத்தார். இரண்டே நாட்களில் பிரெக்சிட் துறை அமைச்சர் டேவிட் டேவிஸும், அதற்கு மறுநாள் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் பதவி விலகினார்கள். நவம்பரில் ஒப்பந்த வரைவு வெளியானதும் டேவிஸுக்குப் பின் அத்துறைக்கு வந்த டொமினிக் ராபும் விலகினார். டிசம்பர் 4 அன்று, ஒப்பந்தம் குறித்த முழுமையான சட்ட ஆலோசனையை வெளியிட மறுத்ததற்காக, அரசு நாடாளுமன்றத்தை அவமதித்தது என்று அவை 311-க்கு 293 என்ற வாக்கில் தீர்மானித்தது. பிரிட்டனில் எந்த அரசுக்கும் அதற்கு முன் அந்த நிலை வந்ததில்லை. டிசம்பர் 11-இல் நடக்கவிருந்த ஒப்பந்த வாக்கெடுப்பில் படுதோல்வி உறுதி என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய நாள் மே அதைத் தள்ளிவைத்தார். பொறுமை காத்திருந்த கட்சிக்காரர்கள் சிலரும் அத்துடன் பொறுமை இழந்தார்கள்.

இனி விதிகளுக்கு வருவோம். கன்சர்வேட்டிவ் கட்சியில் அமைச்சர் பதவியில் இல்லாத பின்வரிசை எம்.பி.க்களின் அமைப்புக்கு 1922 குழு என்று பெயர்; 1922 தேர்தலில் புதிதாக வென்றவர்கள் அடுத்த ஆண்டில் தொடங்கியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தலைவர் மேல் நம்பிக்கை இழந்த எம்.பி. ஒருவர் அந்தக் குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதலாம். கட்சியின் எம்.பி.க்களில் 15 விழுக்காட்டினரின் கடிதங்கள் சேர்ந்துவிட்டால் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்பது அன்றைய விதி. 2018-இன் கணக்குப்படி அது 48 கடிதங்கள். எத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன என்பது குழுத் தலைவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். எழுதியதாக வெளியில் சொல்லிக்கொண்டவர் உண்மையிலேயே எழுதினாரா என்பதைக்கூட யாரும் சரிபார்க்க முடியாது. வாக்கெடுப்பு நடந்தால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு பெற்றாலே தலைவர் வென்றவராகிறார். வென்றபின் ஓராண்டுக்கு அவர் மீது மறு வாக்கெடுப்பு கொண்டுவர முடியாது. தோற்றால் பதவியை இழப்பதோடு, அடுத்து நடக்கும் தலைவர் தேர்தலில் போட்டியிடும் தகுதியையும் இழக்கிறார்.

இந்த விதிகள் வில்லியம் ஹேக் கட்சித் தலைவராக இருந்தபோது 1998-இல் வந்தவை. அதற்கு முன் தலைவரை எதிர்ப்பவர் தாமே போட்டியாளராகக் களத்தில் இறங்க வேண்டியிருந்தது. 1990 நவம்பரில் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரை எதிர்த்து மைக்கேல் ஹெசல்டைன் இறங்கியது அப்படித்தான். முதல் சுற்றில் தாட்சர் 204-க்கு 152 என்று முன்னிலை பெற்றும், விதி கேட்ட இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைந்துபோனதால் இரண்டாம் சுற்று தேவைப்பட்டது. அதற்குள் அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல, அவர் விலகினார். தலைமையோ ஹெசல்டைனுக்குக் கிடைக்கவில்லை, ஜான் மேஜருக்குப் போனது. புதிய விதியில் போட்டியாளரே தேவையில்லை. எதிர்ப்பவர் முகம் காட்டாமல் கடிதம் எழுதலாம். மாற்றாக யார் வருவார், அவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமலேயே தலைவரை வீழ்த்த முயலலாம். புதிய விதியின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. தலைவரைப் பாதுகாக்கும் அரண் என்று 15 விழுக்காட்டையும் ஓராண்டு விலக்கையும் சொல்வார்கள். ஆனால் மாற்றுத் திட்டம் எதுவும் இல்லாதவர்கள் மேடையேற அந்த விதியே வழி திறந்துவிட்டது. ஹேக்குக்குப் பின் தலைவரான இயன் டங்கன் ஸ்மித் 2003 அக்டோபரில் 90-க்கு 75 என்று தோற்று, இவ்விதியால் பதவியிழந்த முதல் தலைவரானார். அப்போது கட்சி எதிர்க்கட்சியாக இருந்ததால் நாட்டுக்கு எந்த நடுக்கமும் இல்லை.

2018 நவம்பர் 15 அன்று, ஒன்றிய எதிர்ப்பில் உறுதியான எம்.பி.க்களின் குழுவை நடத்திய ஜேக்கப் ரீஸ்-மாக் தம் கடிதத்தை வெளிப்படையாகக் கொடுத்தார். 48 விரைவில் வந்துவிடும் என்று அவர் தரப்பினர் சொல்லிக்கொண்டார்கள், அப்போது வரவில்லை. டிசம்பர் 10-இல் மே வாக்கெடுப்பைத் தள்ளிவைத்த பிறகே எண்ணிக்கை நிரம்பியது. சலுகை கேட்டு நெதர்லாந்தின் தி ஹேக் நகரம், பெர்லின், பிரசல்ஸ் என்று 11-ஆம் தேதி முழுவதும் அலைந்து திரும்பியவரிடம் குழுவின் தலைவர் கிரஹாம் பிரேடி அன்றிரவே செய்தியைச் சொன்னார். மறுநாள் காலை அறிவிப்பு, மாலை ஆறு முதல் எட்டு மணி வரை வாக்குப்பதிவு, ஒன்பது மணிக்கு முடிவு. தள்ளிப்போட்டால் எதிர்ப்பு வளரும் என்று அறிந்தே மே உடனடி வாக்கெடுப்பை விரும்பினார். 2022-இல் வரவேண்டிய அடுத்த பொதுத்தேர்தலில் கட்சியைத் தாம் வழிநடத்தப் போவதில்லை என்றும் வாக்குப்பதிவுக்கு முன் எம்.பி.க்களிடம் உறுதியளித்தார். நீடிப்பதற்காக வெளியேறும் தேதியை விலையாகக் கொடுத்தார் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

முடிவு 200-க்கு 117. விதிப்படி இது தெளிவான வெற்றி. ஆனால் எண்களைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், கொறடாக்கள், அமைச்சர்களின் நாடாளுமன்றச் செயலாளர்கள் என அரசுப் பொறுப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வெளிப்படையாகத் தலைவரை எதிர்த்தால் பொறுப்பை இழக்கக்கூடியவர்கள் இவர்கள். வாக்கு ரகசியம் என்றாலும், இவர்களில் மிகப் பெரும்பாலோர் மேயை ஆதரித்திருப்பார்கள் என்று கொண்டால், பொறுப்பில் இல்லாத பின்வரிசையினரில் பெரும்பான்மை அவருக்கு எதிராக இருந்தது என்றாகிறது. அன்றிரவே ரீஸ்-மாக் இதைச் சுட்டிக்காட்டி அவர் விலக வேண்டும் என்றார்.

ஜனவரி 15 அன்று ஒப்பந்தம் அவைக்கு வந்தபோது கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் 118 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 117-உம் 118-உம் அதே நபர்கள் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களில் ஒன்றியத்தில் நீடிக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்பதில் ஒரு பாடம் இருக்கிறது. டிசம்பர் வாக்கெடுப்பு தலைவர் யார் என்பதைத்தான் முடிவு செய்தது. எல்லையில் என்ன செய்வது, சுங்கத்தில் என்ன செய்வது என்ற கேள்விகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு விடை தர வேண்டிய அவையில் ஓர் எம்.பி.யின் மனமும் தலைமைப் போட்டியால் மாறவில்லை.

ஜனவரி 16-இன் முடிவுதான் புதிதாகப் படிப்பவர்களை மிகவும் குழப்புவது. முதல் நாள் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்ற அரசு எப்படி நீடித்தது? காரணம் 2011-இல் இயற்றப்பட்ட நிலைத்த காலவரை நாடாளுமன்றச் சட்டம். அதற்கு முன், முக்கியமான மசோதா ஒன்றில் தோற்றால் அரசு விலகியாக வேண்டும் என்று பிரதமரே அதை நம்பிக்கைப் பிரச்சினையாக்கி, தம் கட்சிக்காரர்களை மிரட்டி வழிக்குக் கொண்டுவர முடியும். புதிய சட்டமோ, அவை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டாலோ, குறிப்பிட்ட வாசகங்களைக் கொண்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி அதன்பின் 14 நாட்களில் மாற்று அரசு அமையாவிட்டாலோ மட்டுமே முன்கூட்டிய தேர்தல் என்று வரையறுத்தது. அதனால் ஒப்பந்தத்தைத் தோற்கடிப்பதும் அரசைத் தோற்கடிப்பதும் இரு வேறு செயல்களாகப் பிரிந்தன. கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் ஒருநாள் கலகம் செய்துவிட்டு மறுநாள் விசுவாசிகளாக வாக்களிக்க முடிந்தது. வட அயர்லாந்தின் பத்துப் பேரும் அவ்வாறே செய்தார்கள். அவர்கள் மட்டும் அணி மாறியிருந்தால் கணக்கு 315-க்கு 316. அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்திருக்கும். 1979-இல் ஜேம்ஸ் கலகன் அரசு உண்மையாகவே அப்படித்தான், 311-க்கு 310 என்று கவிழ்ந்தது.

இந்திய வாசகர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழக்கூடும். கொறடா உத்தரவை மீறிய 118 பேரின் பதவி பறிபோகவில்லையா? பிரிட்டனில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. 1985 முதல் இந்தியாவில் அமலில் உள்ள விதிப்படி கொறடாவை மீறியவர் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். பிரிட்டனில் கட்சி அவரை வெளியேற்றலாமே தவிர, தொகுதி கொடுத்த இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது. 2019 பிப்ரவரியில் மூன்று கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் கட்சியை விட்டு வெளியேறித் தங்கள் இருக்கைகளில் தொடர்ந்து அமர்ந்தார்கள். பிரெக்சிட் விவாதம் அத்தனை நீண்டதற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். அந்த விவாதம் நேர்மையாக நடந்ததற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தலைமைப் போட்டி எல்லாக் கட்சிகளிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதற்கு எதிர்வரிசையே சான்று. 2016 ஜூன் 28 அன்று தொழிற்கட்சி எம்.பி.க்கள் 172-க்கு 40 என்ற கணக்கில் கோர்பின் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். அவர்கள் கட்சி விதிப்படி அந்த வாக்குக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கோர்பின் விலக மறுத்தார், போட்டி வந்தது, கட்சி உறுப்பினர்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

மேக்குக் கிடைத்த ஓராண்டு விலக்கு ஆறு மாதங்களுக்குக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மார்ச் 12-இல் ஒப்பந்தம் 391-க்கு 242 என்று மறுபடி தோற்றது. மார்ச் 27 அன்று, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தந்தால் பதவியை விட்டே போய்விடுகிறேன் என்று 1922 குழுவிடம் சொன்னார். ஜான்சனும் ரீஸ்-மாக்கும் அதன் பின் ஆதரித்தார்கள். ஆனாலும் மார்ச் 29-இல் 344-க்கு 286 என்று மூன்றாம் முறை தோல்வி. மற்ற வழிகளில் எதற்காவது பெரும்பான்மை உண்டா என்று அவை தானே எட்டுத் திட்டங்களை வாக்குக்கு விட்டுப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. விலகும் தேதி அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போனது. வெளியேறவிருந்த நாடே மே 23 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை நடத்த வேண்டியதாயிற்று; அதில் நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சி 29 இடங்களைப் பிடிக்க, ஆளுங்கட்சி நான்கு இடங்களோடு சுருங்கியது. விலக்கு விதியையே மாற்றிவிடலாமா என்று 1922 குழுவினர் அதற்கு முன்பே கூடிப் பேசியிருந்தார்கள். விதியை மாற்றவில்லை, மாற்றக்கூடும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. மே 24 அன்று அவர் விலகலை அறிவித்தார்.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இரண்டு கட்டங்களைக் கொண்டது. எம்.பி.க்கள் பல சுற்றுகளில் வாக்களித்துப் போட்டியாளர்களை இருவராகக் குறைக்கிறார்கள். இறுதித் தேர்வு சந்தா செலுத்தும் கட்சி உறுப்பினர்களுடையது. பத்துப் பேர் இறங்கிய 2019 போட்டியில் ஜான்சன் 92,153 வாக்குகள் பெற்று, 46,656 பெற்ற ஜெரமி ஹன்ட்டை வென்றார். ஆறரைக் கோடி மக்களின் பிரதமரை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான வாக்குகள் முடிவு செய்தன. வாக்களித்தவர்கள் நாட்டின் சராசரியைவிட விலகலில் தீவிரம் மிக்கவர்கள் என்பதால், போட்டியாளர்களின் பேச்சும் அந்தத் திசையில் சாய்ந்தது இயல்பே.

தலைவர் மாறியபின் கொள்கையும் ஓரளவு மாறியது. சர்ச்சைக்குரிய காப்பு ஏற்பாட்டை நீக்கி, சோதனைகளைப் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள கடலுக்கு மாற்றும் புதிய ஒப்பந்தத்தை ஜான்சன் அக்டோபரில் கொண்டுவந்தார். அதன் மசோதா, கொள்கையளவில் ஒப்புதல் தரும் கட்டமான இரண்டாம் வாசிப்பில் 329-க்கு 299 என்று தேறியது. அதை விரைந்து முடிக்கும் கால அட்டவணையை அதே நாள் அதே அவை நிராகரித்தது. முடிச்சு அவிழ்ந்தது அவையின் உறுப்பினர்களே மாறியபோதுதான். மேயின் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 12 அன்று நடந்த பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ்கள் 365 இடங்களை வென்றார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது.

அந்தப் பெரும்பான்மையும் ஜான்சனைக் கட்சியிடமிருந்து காப்பாற்றவில்லை. 2022 ஜூன் 6 அன்று அவரும் கடிதங்களால் வந்த வாக்கெடுப்பைச் சந்தித்து 211-க்கு 148 என்று வென்றார்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புகளை உதற, ஜூலை 7-இல் விலகலை அறிவித்தார். அடுத்து வந்த லிஸ் டிரஸ் புதிய தலைவர் என்பதால் விதிப்படி அவருக்கும் ஓராண்டு விலக்கு இருந்தது. அக்டோபர் 20 அன்று பிரேடி அவரைச் சந்தித்தார்; அன்று பிற்பகலே, பதவியேற்று ஏழு வாரம்கூட நிறையாத நிலையில், ஒரு வாக்கெடுப்புகூட நடக்காமல் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.